அளவு சொல்லிச் செய்விக்கும் பெடல் ஸ்டீல்: முற்பணம் அனுப்புமுன்

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஆறு தந்தி ஹவாயன் கிற்றார் வாசிக்கிறேன், சி-6 சுருதி. வீட்டில் பழைய சினிமாப் பாட்டுகளும் வாசிப்பேன். அமெரிக்காவில் பெடல் ஸ்டீல் கிற்றார் செய்பவர் ஒருவர் 4,800 டொலர் விலை சொல்லியிருக்கிறார். பாதியை முற்பணமாக அனுப்ப வேண்டும், பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும். டொரொண்டோவில் இருக்கும் மச்சான் பணம் தருவதாகச் சொல்கிறார். செய்பவர் அனுப்பிய படிவத்தில் பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. என் உயரம் 6 அடி 1 அங்குலம். உடம்பை இங்கேயே முதிரை மரத்தில் செய்து, பாகங்களை மட்டும் எடுப்பித்தால் என்ன என்று தச்சு வேலை செய்யும் சித்தப்பா கேட்கிறார். ஓடர் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: படிவத்தில் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. சொல்லிச் செய்விக்கும் கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசும், காத்திருக்கும் பதினொரு மாதமும் அந்தப் பதில்களுக்காகத்தான். வெற்றிடமாக விட்டால் செய்பவர் தன் வழக்கப்படி நிரப்பிக்கொள்வார். கடைசியில் கைக்கு வருவது, வேறொருவர் விற்கக் காத்திருந்த கருவியைப் போலவே இருக்கும். விலை மட்டும் இரட்டிப்பாக இருக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது பெடலா, ஸ்டீலா? தந்திகளின் மேல் ‘பார்’ என்ற உலோக உருளையை வழுக்கி வாசிப்பது ஸ்டீல், உங்கள் ஹவாயன் கிற்றாரும் அதுதான். அதோடு சுரத்தை மாற்றும் மிதிகளும் சேர்ந்தால் பெடல் ஸ்டீல்.

மருதமுனைத் தறியில் மிதியை அமுக்கும்போது, முன்கூட்டியே கட்டிவைத்த இழைகள் மட்டும் எழும். மற்றவை கிடந்த இடத்தில் கிடக்கும். பெடல் ஸ்டீலும் அந்த வகை வேலைதான். மிதியிலிருந்து ஒரு கோல் மேலே போகிறது. அது உடம்பின் அடியில் உள்ள குறுக்குத் தண்டைத் திருப்புகிறது. தண்டில் பொருத்திய சிறு நெம்புகள் மெல்லிய இழுகம்பிகளை இழுக்கின்றன. இழுகம்பி போய் முடியும் இடத்தில், வலது கைப் பக்கம், தந்தியைத் தாங்கும் ‘விரல்’ உருண்டு தந்தியை இறுக்குகிறது அல்லது தளர்த்துகிறது. அந்த விரல்கள் கூடிய தொகுதிக்குச் ‘சேஞ்சர்’ என்று பெயர். கருவியின் விலையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

பழகுபவர் எல்லோரும் தொடங்கும் ஈ-9 சுருதியில் பத்துத் தந்திகள். உங்களுக்கு எட்டத்தில் இருப்பது முதல் தந்தி. அங்கிருந்து எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. ஹவாயன் கைக்கு முதல் குழப்பம் இங்கேயே வரும்: முதல் இரண்டு தந்திகளும் மூன்றாவதைவிடத் தாழ்ந்தவை. முதல் மிதி 5, 10ஆம் தந்திகளை பியிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். இரண்டாம் மிதி 3, 6ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏவுக்கு ஏற்றும். மூன்றாம் மிதி நான்காம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கும் ஐந்தாம் தந்தியை சி ஷார்ப்புக்கும் கொண்டுபோகும். இடது முழங்காலை ஒரு பக்கம் தள்ளினால் 4, 8ஆம் தந்திகள் ஈயிலிருந்து எஃப்புக்கு ஏறும். மறுபக்கம் தள்ளினால் டி ஷார்ப்புக்கு இறங்கும்.

தேவாலயப் பாட்டில் இதனால் என்ன லாபம்? ஜி மேஜரில் ஒரு கீர்த்தனை என்று வைத்துக்கொள்வோம். சி-6இல் பாரை நேராகப் பிடித்தால் ஜி ஏழாம் கட்டில் (ஃபிரெட்டில்), சி பன்னிரண்டில், டி பதினான்கில் இருக்கும். ஈ-9இல் ஜி மூன்றாம் கட்டில் இருக்கிறது. பாரை அசைக்காமல் முதல் இரண்டு மிதிகளையும் அமுக்கினால் சி. அதே மிதிகளோடு ஐந்தாம் கட்டுக்குப் போனால் டி. மூன்றாம் கட்டில் முதல் மிதி மட்டும் என்றால் ஈ மைனர். சோப்ரானோவும் ஆல்ட்டோவும் அசையும்போது கீழ்க்குரல் நிற்பதுபோல, ஒரு தந்தி நிற்க மற்றொன்று நகரும். ஹவாயன் கிற்றாரில் பாரைச் சரித்துப் பிடித்துத்தான் இதை ஓரளவாவது கிட்டலாம்.

ஆகவே பணம் செலவழிக்குமுன் ஒரு சோதனை. குழுவுக்கு நீங்கள் வழமையாக வாசிக்கும் பத்துப் பாடல்களை எடுங்கள். எங்கெல்லாம் பாரைச் சரிக்கிறீர்கள், எங்கெல்லாம் கோர்ட்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டத்தில்) ஒரு சுரத்தை விட்டுவிட்டு வாசிக்கிறீர்கள் என்று தாளில் புள்ளி வையுங்கள். பாட்டுக்கு ஆறேழு புள்ளி விழுந்தால் பெடல் உங்களுக்கு வேலை செய்யும். பத்துப் பாட்டுக்கும் சேர்த்தே ஆறேழுதான் என்றால், எட்டுத் தந்தி ஹவாயன் கிற்றார் ஒன்று போதும். அது மடியில் வைத்து வாசிக்கக்கூடியது, தூக்கிக்கொண்டு போவதும் இலகு.

சினிமாப் பாட்டு வேறு கணக்கு. தனி மெட்டும் அதன் குழைவுகளும்தான் உங்கள் ஆசை என்றால், பெடல் அதற்குப் பெரிதாக உதவாது. மிதி ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு, கட்டிவைத்த இடத்துக்கு மட்டும் போய் நிற்கும். கமகத்துக்கு அப்படி நிற்கும் இடம் கிடையாது. அதை இடது கைப் பாரில்தான் எடுக்க வேண்டும். தந்திமேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் சித்திரவீணைக்காரர் ஒரு மிதியும் இல்லாமல் முழு ராகத்தையும் வாசிப்பதை நினைத்துப் பாருங்கள்.

புள்ளிகள் பெடலுக்குச் சாதகமாக விழுந்தன என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். எங்கள் ஆலோசனை இதுதான்: ஒரு கழுத்து (ஒரே தந்தி வரிசை), பத்துத் தந்தி, மூன்று மிதி, நான்கு முழங்கால் நெம்பு உள்ள பழைய கருவி ஒன்றை மச்சானைக் கொண்டு கனடாவில் வாங்குவியுங்கள். ஒரு வருடம் வாசியுங்கள். அதன் பிறகு அந்தப் படிவத்தை மறுபடி எடுத்தால் அரை மணி நேரத்தில் நிரப்பிவிடுவீர்கள். நிரப்பத் தேவையே இல்லை என்றும் தோன்றலாம். இரட்டைக் கழுத்து வேண்டாம். இரண்டாம் கழுத்து வழக்கமாக சி-6 என்பதால் ஹவாயன் வாசித்தவருக்கு ஆசை வரும். ஆனால் பெடல் சி-6இன் மிதிகள் தனியாகப் பழக வேண்டியவை. கருவியின் பாரமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

படிவத்தில் குழப்பியிருக்கக்கூடிய ஒரு கேள்வி ‘எமன்ஸா, டேயா’ என்பது. பட்டி எமன்ஸ், ஜிம்மி டே என்ற இரண்டு வாசிப்பாளர்களின் பழக்கத்திலிருந்து வந்த மிதி வரிசை அது. எமன்ஸ் முறையில் முதல் மிதி இடப்பக்கம். டே முறையில் வரிசை தலைகீழ். கணுக்காலை எந்தப் பக்கம் சாய்ப்பது இலகு என்பதைப் பொறுத்தது. பாடங்களும் எழுத்துக் குறிப்புகளும் பெரும்பாலும் எமன்ஸ் முறையிலேயே கிடைப்பதால், கணுக்காலில் பழைய காயம் ஒன்றும் இல்லையென்றால் அதையே எடுங்கள். எந்த மிதி எந்தத் தந்தியை எங்கே கொண்டுபோகிறது என்ற அட்டவணைக்குக் ‘கோபெடன்ட்’ என்று பெயர். முதல் கருவியில் அதில் புதுமை செய்ய வேண்டாம். ஊரில் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆளில்லாதபோது, பாடத்தில் உள்ளதும் உங்கள் காலுக்குக் கீழே உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்ப விற்கும்போதும் வழக்கமான கோபெடன்டுக்குத்தான் ஆள் கிடைக்கும்.

உங்கள் உயரம் உண்மையான பிரச்சினை. தொடை உடம்பின் அடியில் இடிக்காமல் இருக்க, 6 அடிக்கு மேற்பட்டவர்கள் ஒன்று முதல் இரண்டு அங்குலம் உயர்த்திய கருவியைக் கேட்பார்கள். சொல்லிச் செய்விப்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே வலுவான காரணம் இதுதான். ஆனால் இதை ஊர் லேத் பட்டறையிலேயே தீர்க்கலாம். மிதிச்சட்டம் முன்கால்கள் இரண்டில் பூட்டப்படுவதால், கால்களின் மேல்துண்டை எவ்வளவு நீட்டுகிறீர்களோ மிதிக்கோல்களையும் அவ்வளவே நீட்ட வேண்டும். இதை மறந்தால் மிதி தரையை விட்டு எழும்பி நிற்கும். உடம்பு உயர்ந்ததும் முழங்கால் நெம்பு காலுக்கு எட்டாமல் போகலாம். அப்படியானால் அதன் நுனிக்கும் எட்டும் அளவுக்கு அலுமினியத் துண்டு பூட்ட வேண்டும். நெம்பு நீளும்போது முழங்கால் தள்ளும் தூரம் சற்றுக் கூடும், இழுவை சற்று இலகுவாகும். இரண்டு நாளில் பழகிவிடும். அளவெடுக்கும்போது வாசிக்கப் போகும் அதே கதிரையில் இருங்கள். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் கதிரை உதவாது: கைப்பிடி முழங்கையை மறிக்கும், இருக்கை அமுங்கி உயரம் மாறும். கைப்பிடியில்லாத மரக்கதிரை அல்லது ஸ்டூல் வேண்டும். செருப்போடு வாசிப்பீர்களா, வெறுங்காலோடா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வீட்டில் வெறுங்காலோடு பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தோடு போனால் மிதியின் ஆழம் காலுக்குப் பிடிபடாது.

சித்தப்பாவின் யோசனையைச் சுத்தமாகத் தள்ளிவிடவில்லை, ஆனால் அவர் கை வைக்க வேண்டிய இடம் வேறு. முதிரை அருமையான மரம்; இந்தக் கருவிக்கு வழமையான மேப்பிளைவிடப் பாரமானது. அதைவிட முக்கியம், உடம்பு வெறும் பலகையல்ல. இரண்டு முனைகளிலும் அலுமினியத் தகடுகள், அவற்றுக்கிடையில் இறுக்கமாக நிற்கும் சட்டம், குறுக்குத் தண்டுகளுக்கு நேர்கோட்டில் துளைகள். மிதியை அமுக்கும்போது சட்டம் ஒரு மயிரிழை வளைந்தாலும், மாறக்கூடாத தந்திகள் தாழும். ‘கேபினட் ட்ராப்’ என்று இதைச் சொல்வார்கள். மரம் சரியாகக் காயாமல் இருந்தால், மாரியில் ஊதிக் கச்சானில் சுருங்கும்போது தண்டுகள் இறுகும். சேஞ்சரை லேத்தில் செய்யவே முடியாது என்பதல்ல. பத்து விரல்களும் ஒரே அளவாக, ஆணிப் பொருத்தில் ஆட்டம் இல்லாமல் வர வேண்டும். ஒன்று செய்து பார்க்கலாம், பத்தும் ஒத்துவருவதுதான் கஷ்டம். சித்தப்பாவிடம் ஸ்டூல், பெட்டிக்குச் சில்லு வைத்த வண்டி, வொல்யூம் பெடலுக்குப் பலகை ஆகிய மூன்றையும் செய்வியுங்கள்.

இனி மச்சானுக்கு. அவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் ஒரு டியூனரும் பொறுமையும் போதும். நான்காம் தந்தியைத் தட்டி ஈ சரியாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு முதல் இரண்டு மிதிகளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே தந்தியை மறுபடி தட்ட வேண்டும். மிதி தொடாத தந்தி அது. இரண்டு முதல் ஐந்து சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வரை தாழ்ந்தால் ஏற்கலாம். பத்து தாழ்ந்தால் வேறு கருவி பாருங்கள். அடுத்து ஒவ்வொரு மிதியையும் நெம்பையும் இருபது தடவை அமுக்கி விட்டபின், தந்தி பழைய இடத்துக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாம் தந்தியில் விசேட கவனம் வைக்கட்டும். அதை ஏற்றிவிட்டால் ஓரிடத்திலும் இறக்கிவிட்டால் இன்னோரிடத்திலும் வந்து நிற்பது அடிக்கடி காணும் குறை. இரண்டு மூன்று சென்ட் பொறுக்கலாம்.

தந்தி திரும்பாவிட்டால் உடனே கருவியைப் பழிக்க வேண்டாம். வலது முனைத் தகட்டில் சிறிய நைலோன் நட்டுகள் வரிசையாக இருக்கும். மிதி அமுக்கிய சுரங்களை அவற்றில்தான் சரிசெய்வது. மிதி அமுக்காத சுரத்தைத் தலைப்பக்கத்து முறுக்காணியில் வைப்பது. யாரோ நைலோன் நட்டை அளவுக்கு மிஞ்சி உள்ளே திருகியிருந்தால், சேஞ்சர் விரல் தன் தடுப்பில் போய் உட்காராது. உட்காராத விரலில் எந்தச் சுருதியும் நிற்காது. நட்டைத் தளர்த்தி, முறுக்காணியில் மறுபடி வைத்தால் பாதி ‘பழுதுகள்’ அங்கேயே தீரும். தண்டுகளும் நெம்புகளும் கையால் ஆட்டும்போது பக்கவாட்டில் கடகடக்கிறதா, தலைப்பக்கத்து உருளைகள் சுழல்கின்றனவா என்பதையும் பார்க்கட்டும். நான்கு கால், மிதிச்சட்டம், மூன்று மிதிக்கோல், நைலோன் நட்டுத் திருகி, அசல் பெட்டி எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் படம் அனுப்பட்டும். அமெரிக்கக் கருவிகளில் பெரும்பாலும் அங்குல அளவு அலன் கீதான் பொருந்தும். நம் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் மில்லிமீற்றர் கீயைப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும். அங்குலக் கீ செட் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொண்டுவரும் செலவில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒற்றைக் கழுத்துக் கருவி பெட்டியோடு 20 கிலோவைத் தாண்டும். கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார். வெளிக்காட்போட் 100, 45, 35 என்றால் விடை 31.5, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கட்டணம். சுங்கத்தில், மின்சாரத்தால் ஒலி பெருக்கியே ஆக வேண்டிய இசைக்கருவிகள் 9207 என்ற தலைப்பில் வரும். சாதாரண கிற்றார் 9202. பட்டியலில் எது எழுதப்படுகிறது என்பதைக் கிளியரிங் ஏஜென்டிடம் முன்கூட்டியே கேளுங்கள். வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்புகூலியும் காப்புறுதியும் சேர்த்த தொகைக்கு. உங்கள் 4,800 டொலரோடு 600 டொலர் அனுப்புகூலி என்று வைத்தால் 5,400. பெறுமதி சேர் வரி 18 வீதம் என்ற கணக்கில் அது ஒன்றே 972 டொலருக்குக் குறையாது. மற்ற அறவீடுகள் அதற்கு மேல். மச்சான் ஊருக்கு வரும்போது தானே கொண்டுவருவது என்றால், கால்களையும் மிதிச்சட்டத்தையும் கோல்களையும் வேறு பெட்டியில் போட்டால் உடம்புப் பெட்டி 23 கிலோவுக்குள் அடங்கும். அப்போதும் ரசீது கையில் இருக்கட்டும், சுங்கத்தில் சொல்லிவிட்டே வரட்டும்.

கல்லடியில் வீடு என்றால் உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. துரு முதலில் பிடிப்பது நீங்கள் பார்க்காத இடத்தில்: அடியிலுள்ள இழுகம்பி, சுருள்வில், திருகாணி. மேற்பூச்சில் அரக்குப் பூச்சைவிட மைக்கா ஒட்டிய உடம்பு நம் ஈரத்துக்குத் தாங்கும். அழகு கொஞ்சம் குறைவுதான். வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை மாரியில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். சேஞ்சருக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஊசி நுனியால் விரலுக்கு ஒரு துளி, வருடம் இரண்டு முறை போதும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசின்போல் ஒட்டி, தூசியைப் பிடித்து, விரலைத் திரும்ப விடாமல் செய்யும்.

மூன்றாம் தந்திதான் அடிக்கடி அறும். 0.011 அங்குலத் தந்தியை அறுபடும் எல்லைக்குக் கிட்டத்தான் ஜி ஷார்ப்புக்கு இறுக்கியிருக்கும். இரண்டாம் மிதி அதை மேலும் ஏற்றும். சேஞ்சர் விரலின் முதுகில், ஒரே இடத்தில் வளைந்து வளைந்து அறும். இங்கே ஒற்றையாக எளிதில் கிடைக்காது. செட்டோடு சேர்த்து 0.011 மட்டும் ஒரு டசின் எடுப்பியுங்கள். பாரும் மாற வேண்டும்: பத்துத் தந்திக்கு வழமையானது 7/8 அங்குல விட்டம், மூன்றேகால் அங்குல நீளம்.

ஓகனோடோ கீபோர்டோடோ சேர்ந்து வாசிப்பீர்கள் என்பதால் இன்னொன்று. பெடல் ஸ்டீல்காரர்கள் மேஜர் கோர்ட்டின் மூன்றாம் சுரத்தைக் காதுக்கு இனிக்கும்படி 5/4 விகிதத்தில் வைப்பார்கள். அது கீபோர்டைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்வு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலில் சுருதிகளுக்குப் பின்னக் கணக்குப் போட்டது நினைவிருந்தால், இந்த 14 சென்ட் எங்கிருந்து வருகிறது என்று உடனே பிடிபடும். தனியாக வாசிக்கும்போது முழுத் தாழ்வும் வையுங்கள். கீபோர்ட் கூட இருக்கும்போது ஆறேழு சென்டில் நிறுத்துங்கள், இல்லையென்றால் பாடகர் குழு யாருடைய சுருதியைப் பிடிப்பதென்று தடுமாறும்.

செய்பவரோ விற்பவரோ அம்ப்ளிஃபயரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றையும் சுமக்க வேண்டிவரும். சிதறாமல் சுத்தமாக ஒலிக்கும் கீபோர்ட் அம்ப்ளிஃபயர் போதும். மிக்சரில் நேரே செருகினால் ஒலி மந்தமாகும், நடுவே டி.ஐ. பெட்டி (கருவியின் மின்குறியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றுவது) ஒன்று வேண்டும். மண்டபத்து எர்த் சரியில்லாத இடங்களில் ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்) இரையும், ஆகவே இரட்டைச் சுருளால் இரைச்சலைக் குறைக்கும் ஹம்பக்கர் உள்ள கருவியைத் தேடுவது நல்லது.

ஒரு வருடம் கழித்து, இன்ன நெம்பு இன்ன இடத்தில் வேண்டும் என்று காலே சொல்லத் தொடங்கினால், அப்போது ஓடர் கொடுங்கள். தனி ஆளுக்காகச் செய்வது இந்தக் கருவிக்குப் புதிதல்ல. 1948இல் போல் பிக்ஸ்பி, ஸ்பீடி வெஸ்டுக்கு மிதிகள் வைத்த ஸ்டீல் கிற்றாரை அப்படித்தான் செய்து கொடுத்தார். ஆனால் பாதிப் பணத்தை முதலிலேயே அனுப்பாதீர்கள். கால்பங்கு முற்பணம், உடம்பும் சேஞ்சரும் பூட்டிய படம் வந்தபின் இன்னொரு பங்கு, மேலே சொன்ன டியூனர் சோதனையை வீடியோவில் செய்து காட்டியபின் மீதி என்று பேசிப் பாருங்கள். கோபெடன்ட் அட்டவணை, தரையிலிருந்து உடம்பின் அடிவரையான உயரம், தாமதமானால் பணம் திரும்புமா, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். துருப்பிடிக்காத இரும்பில் இழுகம்பிகளும், ஐந்தாவது நெம்புக்கான துளையும் கேளுங்கள். துளையைப் பிறகு இங்கே போடுவது சித்தப்பாவுக்கும் சிரமம்.

இப்போதைக்கு அமெரிக்காவில் செய்பவருக்கு ஒரு வரி எழுதி, முடிவைத் தள்ளிவைத்திருப்பதாகச் சொல்லிவிடுங்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்துப் பாட்டையும் எடுத்து அந்தப் புள்ளிகளை வைக்கத் தொடங்கலாம்.